கொழும்பு – யாழ்ப்பாண விடுமுறைப் பயணம்: போக்குவரத்து வழிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சித்திரைப் புத்தாண்டும் நல்லூர்த் திருவிழாவும் நத்தார் விடுமுறையும் அணுகும்போதெல்லாம் கொழும்பில் வாழும் யாழ்ப்பாணத்தவர் வீடுகளில் ஒரு வினா எழுவது வழக்கம். ஊருக்கு எதிற் போவது என்பதே அவ்வினா. புகையிரதமா, இரவு பஸ்ஸா, பலர் சேர்ந்து பிடிக்கும் வாடகை வானா எனப் பேசி, கட்டணம், நேரம், வசதி ஆகிய மூன்றையும் சீர்தூக்கி வீட்டார் ஒரு முடிவுக்கு வருவர். இது முற்றிலும் ஒரு குடும்பத்தின் சொந்த விவகாரமாகவே தோன்றும்.

ஆயினும், இத்தெரிவுக்குரிய வழிகள் எவை என்பதை அக்குடும்பம் தீர்மானிப்பதில்லை. எந்த இருப்புப்பாதை எந்த ஆண்டில் யாருக்காகப் போடப்பட்டது, எந்தத் தெரு எப்பொழுது மூடப்பட்டது, யாருக்கு விடுமுறை உண்டு, யாருக்கு இல்லை என்பனவெல்லாம் அக்குடும்பம் பேசத்தொடங்குமுன்னரே முடிவாகிவிடுகின்றன. பிரயாணி தெரிவுசெய்வது, ஏற்கெனவே பிறர் தெரிந்து வைத்தவற்றுள் ஒன்றை மாத்திரமே. எனவே, ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் இடைவெளியுடைய இவ்விரு நகரங்களுக்குமிடையிலான போக்குவரத்து வழிகளை ஒப்புநோக்குவதென்பது, இந்நாட்டின் பொருளாதார அமைப்பையும் அரசியலதிகாரத்தையும் ஒப்புநோக்குவதாகவும் அமைகின்றது. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

1. காற்றும் மாடும்

இருப்புப்பாதை வருமுன் யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் இணைத்த பெருவழி கடலே. மேற்குக் கரையை ஒட்டித் தோணிகளும் பாய்க்கப்பல்களும் ஓடின. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகீழ்ப் பருவக்காற்றுமே அவற்றின் நேரசூசியாக இருந்தன. காற்றுக்கு எதிராகப் பாய்விரிப்பது இயலாதாகையால், நினைத்த வேளையிற் புறப்படுதல் என்ற கருத்துக்கே இடமிருக்கவில்லை. பிரயாணி தனித்தேறிய கப்பல்கள் குறைவு. புகையிலைச் சிப்பங்களும் பனம்பொருள்களும் நெல்லும் ஏறியபின் எஞ்சிய இடமே மனிதருக்குக் கிடைத்தது. பயணம் வணிகத்தின் நிழலிலே நடந்தது எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீவைச் சுற்றிவந்த கரையோர நீராவிக்கப்பல்கள் இந்நிலைமையை ஓரளவு மாற்றின. ‘லேடி ஹவ்லொக்’, ‘லேடி கோர்டன்’ ஆகிய கப்பல்களின் பெயர்கள் அக்காலத்து நினைவுகளில் இடம்பெறுகின்றன. காற்றுக்குக் காத்திருக்கும் நிலை நீங்கிற்று. ஆனால், யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்த கடல்நீரேரி ஆழமற்றது. பெரிய கப்பல் தொலைவில் நங்கூரமிட, பிரயாணிகள் தோணிகளுக்கு மாறிக் கரைசேர்ந்தனர். கூலி கொடுக்க வல்லவர்க்கே இவ்வழி உகந்ததாயிற்று என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

தரைவழியின் கதை வேறு. வன்னிக் காட்டினூடாகச் சென்ற வட தெருவில் மாட்டுவண்டியே முதன்மையான வாகனம். குடிநீர் அருமை, காய்ச்சல், காட்டு விலங்குகள் என்பவற்றின் காரணமாக வண்டிகள் கூட்டமாகவே சென்றன. இத்தெருவின் தென்பகுதியில் இன்னொரு மக்கள் கூட்டமும் நடந்தது. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை நோக்கிக் கால்நடையாகச் சென்ற கோப்பித்தோட்டத் தொழிலாளர் அவர்கள். வாந்திபேதியாலும் பசியாலும் அவ்வழியில் மாண்டோர் மிகப் பலர். ஒரே தெரு, ஒருவருக்குத் தபால் வழியாகவும் மற்றொருவருக்குச் சுடுகாட்டு வழியாகவும் இருந்தது. போக்குவரத்தின் வரலாற்றைப் பாதையின் வரலாறாக மாத்திரம் எழுதுவது போதாமைக்கு இது தக்க சான்று.

மாட்டுவண்டிக் காலத்தின் இறுதிக் கட்டத்தை லெனாட் வூல்ப் தமது தன்வரலாற்றிற் பதிவுசெய்துள்ளார். இலங்கைச் சிவில் சேவையிற் புதிதாகச் சேர்ந்து 1905 ஜனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரிக்குச் சென்ற அவர், அநுராதபுரம் வரை புகையிரதத்திற் போனார். அதற்கப்பால் ‘தபால் கோச்’ என்னும் பெயர் தாங்கிய மாட்டுவண்டியிற் காட்டைக் கடந்து, வடமுனையிற் போடப்பட்டிருந்த பாதையை அடைந்து மீண்டும் புகையிரதம் ஏறினார். ஆட்சியாளர் வர்க்கத்தைச் சேர்ந்தவருக்கே இரண்டு நாட் பயணம் அது. சாதாரண மக்களின் பயணம் எவ்வாறிருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

2. இருப்புப்பாதை சென்ற திசை

இலங்கையின் முதற் புகையிரதம் 1864 டிசெம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடிற்று. 1867 இற் பாதை கண்டியை அடைந்தது. மாத்தளை 1880 இலும் நானுஓயா 1885 இலும் இணைக்கப்பட்டன. தென் கரையில் காலிக்கு 1894 இற் பாதை சென்றது. யாழ்ப்பாணமோ 1905 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்குமிடையே முப்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன.

இத்தாமதத்துக்குத் தூரம் மாத்திரம் காரணமன்று. மலைநாட்டின் செங்குத்தான சரிவுகளிற் சுரங்கம் தோண்டிப் பாதையமைப்பது வன்னிச் சமவெளியில் அமைப்பதிலும் பன்மடங்கு கடினமானது. அக்கடினத்தை ஏற்கச்செய்தது கோப்பி. கோப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் அவ்விடத்தைத் தேயிலை பெற்றது. மாட்டுவண்டியிற் பல நாட்களாகக் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த ஏற்றுமதிப் பொருளை ஒரு நாளிற் கொணர்வதே புகையிரதத்தின் முதல் நோக்கம். வட பாதையைப் பொறுத்தவரையிலோ, ஆளற்ற காட்டினூடாகச் செல்லும் பாதை வருமானம் தராது என்ற வாதம் நெடுங்காலம் மேலோங்கி நின்றது. மக்கள் போய்வர விரும்பினர் என்பது அக்காலத்துக் கணக்கேட்டில் ஒரு வரவாகக் கொள்ளப்படவில்லை.

விடுமுறைப் பயணம் என்ற நோக்கிலும் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படுகின்றது. வெப்பத்துக்கு அஞ்சிய ஆங்கில அதிகாரிகளும் கொழும்பு வணிகரும் ஓய்வுகாலத்தைக் கழித்த இடம் நுவரெலியா. அதற்கு அண்மையிலுள்ள நானுஓயாவுக்குப் புகையிரதம் சென்று இருபது ஆண்டுகளின் பின்னரே, கொழும்பிற் பணிபுரிந்த யாழ்ப்பாணத்து இலிகிதர் தம் தாய்தந்தையரைக் காணப் புகையிரதத்திற் செல்ல முடிந்தது. தேயிலை சென்ற தண்டவாளத்திலே துரைமாரின் விடுமுறையும் சென்றது.

வட பாதை, பொல்காவலையிற் பிரதான பாதையிலிருந்து பிரிந்து, 1894 இற் குருநாகலை அடைந்தது. 1902 இற் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்குமிடையே வடமுனையில் தனித்துண்டாக ஒரு பகுதி திறக்கப்பட்டது. இரு முனைகளும் இணைந்து, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேர்ச்சேவை 1905 ஆகஸ்ட் 1 ஆந் திகதி தொடங்கிற்று. 1914 இல் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குக் கிளைப்பாதை போடப்பட்டு, பாம்பன் பாலத்துடன் சேர்ந்து, தென்னிந்தியாவுக்கான வழியும் அமைந்தது. இரண்டு நாள் வழி ஓரிரவு வழியாயிற்று. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘மெயில் கோச்சி’ என வழங்கிய இரவுத் தபால் வண்டி, அடுத்த எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு இவ்விரு நகரங்களின் உறவைத் தாங்கி நின்றது.

3. விடுமுறையும் வர்க்கமும்

ஊருக்குப் போய்வருதல் என்ற வழக்கம் மனிதனோடு பிறந்ததெனினும், ‘விடுமுறைக்கு ஊருக்குப் போதல்’ என்பது நவீன காலத்தின் ஆக்கமாகும். அதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும். வாழுமிடமும் தொழில்புரியுமிடமும் வேறுபடல் வேண்டும். சம்பளத்துடன் கூடிய ஓய்வுநாட்கள் கிடைத்தல் வேண்டும். அந்நாட்களுக்குள் போய்த் திரும்பக்கூடிய வேகமான வாகனமும் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே வாய்த்தது முதலில் ஆங்கிலம் கற்ற அரசாங்க உத்தியோகத்தருக்கே.

யாழ்ப்பாணத்தின் வறண்ட நிலமும் மிசனரிமார் தோற்றுவித்த பாடசாலைகளும் சேர்ந்து உருவாக்கிய இலிகிதர் வர்க்கம், கொழும்பிலும் தென்னிலங்கையின் கச்சேரிகளிலும் புகையிரத நிலையங்களிலும் தபாற் கந்தோர்களிலும், கடல்கடந்து மலாயாவிலும் பணியாற்றிற்று. யாழ்ப்பாணத்தின் ‘மணியோடர் பொருளாதாரம்’ எனப்பட்டது இவர்களின் உழைப்பையே. காசு மாதந்தோறும் தபாலில் வந்தது; ஆள் விடுமுறையிற் கோச்சியில் வந்தார். அரசாங்க ஊழியர்க்கு வழங்கப்பட்ட புகையிரத ஆணைச்சீட்டு, மக்கள் வழக்கில் ‘வொறண்ட்’, கட்டணப் பிரச்சினையையும் தீர்த்துவைத்தது. எதிற் போவது என்ற வினாவே இவர்களுக்கு எழவில்லை.

ஆனால், அதே வண்டியின் மூன்றாம் வகுப்பில் வேறொரு யாழ்ப்பாணமும் பயணஞ் செய்தது. தென்னிலங்கையின் சிறு பட்டினங்களிற் சுருட்டுக்கடை வைத்திருந்தோரும், அக்கடைகளில் வேலைபார்த்த இளைஞரும் அவர்கள். அவர்களுக்கு வொறண்ட் இல்லை. முதலாளி விட்டாலன்றி விடுமுறையுமில்லை. கடை, கந்தோர் ஊழியர்க்கு ஆண்டு விடுமுறையை உறுதிசெய்த சட்டம் 1954 இலேதான் நிறைவேறிற்று. தோட்டத் தொழிலாளரின் நிலை இன்னும் கீழானது. எந்தப் பாதைகள் அவர்களின் உழைப்பைத் துறைமுகத்துக்குச் சுமந்தனவோ, அப்பாதைகளில் அவர்கள் விடுமுறைப் பிரயாணிகளாகச் சென்றது அரிது. பிறந்த கிராமமோ கடலுக்கப்பால் இருந்தது. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின், போனால் திரும்பி வரமுடியுமா என்ற ஐயமும் அவர்களைச் சூழ்ந்தது.

முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்ற பிரிவு காசின் பிரிவு. யாழ்ப்பாணச் சமுதாயத்திலே காசின் பிரிவுக்கு முந்திய பிரிவொன்று இருந்தது. சீட்டெடுத்த எவரும் பக்கத்திற் பக்கம் அமரலாம் என்ற புகையிரத விதி, தேநீர்க் கடையிலும் கோயிலிலும் பாடசாலையிலும் ஒதுக்கிவைக்கப்பட்ட மக்களுக்குப் பெரும் பொருளுடையதாயிருந்தது. ஆனால், விதி வேறு, நடைமுறை வேறு. 1957 இன் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், பொது வாகனங்களில் ஒருவரைச் சாதியின் பேரால் தடுப்பதையும் குற்றமாக்க வேண்டியிருந்தமை, வாகனம் நவீனமாயினும் அதிலேறிய சமுதாயம் அவ்வாறாகவில்லை என்பதை உணர்த்துகின்றது. தாமாக அமர்ந்த ஆசனமும் போராடிப் பெற்ற ஆசனமும் ஒரே கட்டணத்துக்குரியனவாயினும் ஒரே விலைக்குரியன அல்ல.

1952 இற் பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்தபின் மாணவரும் இப்பிரயாணிகளுடன் இணைந்தனர். தவணை முடிவிற் கண்டியிலிருந்து வந்து, பொல்காவலை மேடையில் இரவுத் தபால் வண்டிக்காகக் காத்திருந்த அனுபவம் பல தலைமுறை மாணவர்க்குப் பொதுவானது. சிங்கள மாணவர் ஒரு திசையிலும் தமிழ், முஸ்லிம் மாணவர் மறு திசையிலும் பிரிந்து சென்ற சந்தியும் அதுவே.

1956 ஏப்ரிலில் ‘யாழ்தேவி’ கடுகதி வண்டி ஓடத்தொடங்கிற்று. டீசல் இயந்திரம் பூட்டிய இவ்வண்டி, கொழும்புக்கும் காங்கேசன்துறைக்குமிடையிலான பயணத்தைப் பகற்பொழுதுக்குள் அடக்கியது. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய ஆண்டும் அதுவே. இரு நகரங்களையும் வண்டி நெருங்கச்செய்த அதே ஆண்டில் அரசியல் அவற்றை விலக்கத் தொடங்கியது என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. 1958 மே மாத வன்செயலின் பின் தென்னிலங்கையிலிருந்த தமிழர் கப்பல்களிற் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். 1977 இலும் 1983 இலும் இது திரும்ப நிகழ்ந்தது. விடுமுறைப் பிரயாணி கைவிட்ட கடல்வழி, அகதியின் வழியாக மீண்டது.

4. பஸ் வண்டியும் விமானமும்

மோட்டார் வாகனத்தின் வருகை இருப்புப்பாதையின் தனியுரிமையைத் தளர்த்தியது. தொடக்கத்திற் சிறு உடைமையாளர்கள் ஒரே தெருவிற் போட்டியிட்டு ஓடினர். 1942 இன் கட்டளைச்சட்டம் ஒரு வழிக்கு ஓர் உரிமையாளர் என்ற முறையைக் கொணர, பஸ் கம்பனிகள் தத்தம் பிரதேசங்களிற் குறுநில மன்னர்போல் ஆயின. ஆசனத்துக்கு மேற்பட்ட நெரிசலும், இலாபமற்ற கிராமங்களைப் புறக்கணித்தலும், ஊழியர் சுரண்டலும் பொது முறைப்பாடுகளாயிருந்தன. 1948 இன் இரத்தினம் அறிக்கை தொடக்கம் இது பற்றிப் பல விசாரணைகள் நடைபெற்றன. ஈற்றில் 1958 ஜனவரி 1 ஆந் திகதி பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு, இலங்கைப் போக்குவரத்துச் சபை உதயமாயிற்று.

இச்சபையின் குறைபாடுகளைப் பட்டியலிடுதல் எளிது. எனினும், கொழும்பு – யாழ்ப்பாண வழியைப் பொறுத்தவரை அதன் சாதனையை மறுத்தல் கூடாது. புகையிரதம் தொடாத ஊர்களுக்கும் அது சென்றது, சந்திகளில் நின்றது, வவுனியா, கிளிநொச்சிக் குடியேற்றங்களின் விவசாயியை நகரத்துடன் இணைத்தது. புகையிரதம் நிலையத்துக்கு நிலையம் செல்வது. பஸ் வண்டி படலைக்கு அண்மையில் இறக்குவது. வசதியிற் குறைந்ததாயினும் அடையும் இடங்களின் எண்ணிக்கையில் அது விஞ்சியது. 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாட்கள் வார ஓய்வுநாட்களாக இருந்தபோது, விடுமுறைப் பயணத்தின் நாட்காட்டியே மாறிற்று என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

வான்வழியும் நாம் எண்ணுவதிலும் முந்தியது. எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவை 1947 டிசெம்பர் 10 ஆந் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (பலாலி) வழியாகச் சென்னைக்குச் சென்றது. போர்க்காலத் தேவைக்காகப் பிரித்தானிய விமானப்படை அமைத்த பலாலி ஓடுபாதையே இதற்குப் பயன்பட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணமாயினும் அது மருத்துவர், சட்டத்தரணி, வணிகர் முதலியோரின் வழியாகவே நிலைத்தது. வேகம் தானாகவே பொதுவுடைமையாகிவிடுவதில்லை.

1978 இற் போக்குவரத்துச் சபை பிரதேசச் சபைகளாகப் பிரிக்கப்பட்டது. 1979 முதல் தனியார் பஸ்களுக்கு வழி திறக்கப்பட்டது. திறந்த பொருளாதாரத்தின் தருக்கம் பயணத்தின் தருக்கமுமாயிற்று. இலாபம் தரும் நீண்ட வழியும் விடுமுறைக் காலமும் தனியாரை ஈர்த்தன. இலாபமற்ற கிராமத்து வழியும் மழைக்காலமும் சபையிடமே எஞ்சின.

5. தெரிவு அற்ற காலம்

மேலே நாம் கண்ட ஒப்பீடுகள் அனைத்தும் வழி திறந்திருக்கின்றது என்ற எடுகோளின் மீது நிற்பன. 1983 இன் பின் இந்த எடுகோள் சிறிது சிறிதாகத் தகர்ந்தது. 1985 ஜனவரியில் படையினரை ஏற்றிவந்த யாழ்தேவி முறிகண்டிக்கு அண்மையில் தாக்கப்பட்டது. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் முற்றாக நின்றது. பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டன. எண்பத்தைந்து ஆண்டுச் சேவை மண்ணுக்குள் மறைந்தது.

அதே ஆண்டு ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணி நேரமே. புத்தளம் நோக்கிச் சென்ற அவர்களுக்கு வாகனத்தைத் தெரிவுசெய்யும் உரிமை மாத்திரமன்றித் திரும்பிவரும் உரிமையும் மறுக்கப்பட்டது. இப்பாதையின் வரலாற்றை எழுதும் எவரும் இதனைத் தவிர்த்துச் செல்லுதல் நேர்மையாகாது.

ஆனையிறவு மூடப்பட்டபின் யாழ்ப்பாணத்தவர் கிளாலிக் கடல்நீரேரியை இரவிற் படகுகளிற் கடந்தனர். முதியவரும் நோயாளரும் பரீட்சைக்குச் சென்ற மாணவரும் அப்படகுகளில் இருந்தனர். 1993 ஜனவரியிற் கடற்படையின் தாக்குதலில் அந்நீரேரியிற் பலர் உயிரிழந்தனர். எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்தமையால், படகுத்துறை வரையிலான தரைப்பயணம் பெரும்பாலும் சைக்கிளிலே நிகழ்ந்தது. 1905 இல் ஓரிரவுக்குச் சுருங்கிய பயணம், தொண்ணூறு ஆண்டுகளின் பின் பல நாட் பயணமாக மீண்டும் நீண்டது. போக்குவரத்து வரலாறு எப்பொழுதும் முன்னோக்கியே செல்கின்றது என நம்புவோர்க்கு இது மறுப்பாக அமையும்.

இக்காலத்தில் வாகனத்துக்கு முன்னர் வேண்டப்பட்டது அனுமதி. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து வெளியேற அவர்களின் ‘பாஸ்’ வேண்டும். பிணைநிற்க ஆள் வேண்டும். வவுனியாவைக் கடக்க அரசாங்கத் தரப்பின் ‘பாஸ்’ வேண்டும். கொழும்பிற் தங்கப் பொலிசிற் பதிவு வேண்டும். 1996 இன் பின் திருகோணமலையிலிருந்து கப்பலும், இரத்மலானையிலிருந்து விமானமும் பயன்பட்டன. 1998 செப்டெம்பர் 29 ஆந் திகதி பலாலியிலிருந்து புறப்பட்ட பயணிகள் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர்.

2002 இன் போர்நிறுத்த உடன்படிக்கையைத் தொடர்ந்து ஏப்ரிலில் ஏ-9 தெரு திறக்கப்பட்டது. ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைக்காக இறங்கி ஏறவேண்டியிருந்தபோதிலும், பன்னிரண்டு ஆண்டுகளாக ஊர் காணாதவர் கூட்டங்கூட்டமாகச் சென்றனர். வீடு இருக்கின்றதா, மரங்கள் நிற்கின்றனவா எனப் பார்த்துத் திரும்புவதே பலருக்கு அவ்வாண்டின் விடுமுறையாயிற்று. 2006 ஆகஸ்டில் தெரு மறுபடி மூடுண்டது. 2009 மே மாதத்திற் போர் பேரழிவுடன் முடிவுற்றபின், அவ்வாண்டின் பிற்பகுதியிற் படிப்படியாகத் திறந்தது. முன்னர் அத்தெருவோரம் வாழ்ந்த வன்னி மக்கள் முகாம்களில் அடைபட்டிருக்க, அவர்களின் வெறுமையான கிராமங்களினூடாக பஸ்கள் ஓடின.

6. மீண்டும் தெரிவு

இந்தியக் கடனுதவியுடன் வட பாதை மீளமைக்கப்பட்டது. கிளிநொச்சிக்கு 2013 செப்டெம்பரிலும், யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்ரோபர் 13 ஆந் திகதியும், காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியிலும் புகையிரதம் மீண்டும் சென்றது. பலாலி விமானநிலையம் 2019 ஒக்ரோபரிற் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. தெருக்கள் அகலமாயின. 2011 இற் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி வழியாக மன்னாருக்கு இன்னொரு வழியைத் தந்தது. இவ்வாறு, கொழும்பு வீடுகளிற் பழைய வினா மீண்டும் எழுந்தது.

இன்றைய வழிகளை ஒப்பிடின் பின்வருமாறு கூறலாம். புகையிரதம் ஆறு முதல் எட்டு மணி நேரத்திற் செல்வது; மூன்றாம் வகுப்புக் கட்டணம் பிற வழிகளிலும் குறைந்தது; முதியவர்க்கும் குழந்தைகளுக்கும் ஏற்றது. அதன் குறை ஆசன நெருக்கடி. விடுமுறைக் காலத்தில் முற்பதிவு தொடங்கியதும் ஆசனங்கள் தீர்ந்துவிடுகின்றன. பாதை திருத்தத்துக்காக 2023 இலும் 2024 இலும் வடபாதையின் பகுதிகள் மாதக்கணக்கில் மூடப்பட்டமையும் பிரயாணிகளைத் தெருவுக்குத் தள்ளியது. போக்குவரத்துச் சபையின் பஸ், கட்டணத்தில் அடுத்த நிலையிலுள்ளது. வெள்ளவத்தையிலிருந்து இரவிற் புறப்படும் தனியார் சொகுசு பஸ், உறங்கி எழும்போது ஊர்சேர்க்கும் வசதியுடையது. ஆயின், பண்டிகைக் காலத்திற் கேள்வி பெருகப் பெருகக் கட்டணமும் பெருகும். இரவிற் சாரதியின் களைப்பு பிரயாணி அறியாத செலவாகும். வாடகை வான், பலராகப் பகிரும் குடும்பத்துக்கு ஏற்றது, தனியாளுக்கு ஏலாதது.

2022 இன் பொருளாதார நெருக்கடி இவ்வொப்பீட்டுக்கு ஒரு பரிசோதனையாக அமைந்தது. ஆண்டின் தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், ஜூன் இறுதியில் 460 ரூபாவாயிற்று. அதுவும் நாட்கணக்கில் வரிசையில் நின்றோர்க்கே கிடைத்தது. வான்கள் நின்றன, பஸ்கள் குறைந்தன. அவ்வேளை மக்கள் நாடியது புகையிரதத்தையே. இலாபம் தராது என நூற்றாண்டுக்கு முன் தாமதிக்கப்பட்ட பாதை, இலாபத்துக்காக ஓடியவை ஓய்ந்தபோது மக்களைச் சுமந்தது.

முடிவுரை

கட்டணம், நேரம், வசதி என்பன போக்குவரத்து வழிகளை அளக்கும் பயனுள்ள அளவுகோல்களே. ஆனால், இவ்வழியின் வரலாறு இன்னும் இரண்டு அளவுகோல்களை நமக்குத் தந்துள்ளது. ஒன்று, பிரயாணி எவரிடமும் அனுமதி கேளாது புறப்பட்டுத் திரும்பமுடிகின்றதா என்பது. மற்றையது, மிகக் குறைந்த வருவாயுடையவருக்கும் அவ்வண்டியில் மதிப்புடன் அமர ஓர் ஆசனமுண்டா என்பது. முதலாவது இல்லாதபோது எஞ்சிய ஒப்பீடுகள் யாவும் பொருளற்றுப் போகும் என்பதைக் கிளாலிப் படகுகள் காட்டின. இரண்டாவது இல்லாதபோது, வழி திறந்திருந்தும் மக்களிற் பெரும்பகுதியினருக்கு அது மூடியதாகவே இருக்கும்.

இவ்வளவுகோல்களின்படி நோக்குமிடத்து, பொதுப் போக்குவரத்தைப் பேணுதல் பொருளாதாரச் சிக்கனத்துடன் மாத்திரம் தொடர்புடைய விடயமன்று என்பது தெளிவு. மூன்றாம் வகுப்புப் பெட்டியிலே வவுனியா விவசாயியும் அநுராதபுரத்துச் சிப்பாயின் தாயும் கொழும்புக் கடைச் சிப்பந்தியும் புத்தளத்திலிருந்து தம் பழைய வீட்டைப் பார்க்கச் செல்லும் முஸ்லிம் குடும்பமும் ஒரே வாங்கில் அமரும் வாய்ப்பு இன்னும் உண்டு. தனித்தனி வான்களில் அவ்வாய்ப்பு இல்லை. அப்பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதும், அவற்றின் கட்டணத்தைத் தாங்கத்தக்கதாக வைத்திருப்பதும், தமிழில் அறிவித்தலையும் மூடாத கழிப்பறையையும் அவற்றிற் கோருவதும் சிறிய விடயங்களல்ல. ஊருக்கு எதிற் போவது என்று நம் வீடுகளிற் கேட்கப்படும்போது, அவ்வினாவைக் கேட்கும் நிலை எத்துணை இழப்புகளின் பின் நமக்குக் கிட்டியது என்பதையும், அது இன்னும் கிட்டாதவர் யாவர் என்பதையும் நாம் மறவாதிருத்தல் வேண்டும்.